உன் நைனா கட்டிய கொண்டை

மகனே,

நான் செத்துப்போய்விட்டேன் என்று போன வெள்ளிக்கிழமைதான் எனக்குத் தெரியவந்தது. கொழும்பிலிருந்து திரும்பிய தோணி அன்று காலையில் முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்தது. அதில் பாய் கட்டுகிற காதர், கரை இறங்கியதும் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் கோட்டைக்குப்பத்துக்கு, நம் குடிசைக்கு வந்தான். நான் வாசலில் இறால் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“எம்புள்ளய பாத்தியா தம்பி?”

“பாத்தேன்க்கா. நல்லாகீறான். கோட்டையில ஓலை எழுதற வேலை. கண்ணாலமும் ஆயிடுச்சு. மாமனார் ஊட்டோடதான் கீறான்.”

“என்னைப் பத்தி எதுனா சொல்லி அனுப்பினானா?”

“கேக்காதக்கா.”

கேட்டேன். விடாமல் கேட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “அவன் மாமனார் என்னை எந்த ஊருன்னு கேட்டாரு. பழவேற்காடுன்னேன். ‘நம்ம மாப்பிள்ளைக்கும் அதே ஊருதான், பாவம், தாயும் இல்ல தகப்பனும் இல்ல’ன்னாரு. நான் உன் புள்ள மூஞ்சிய பாத்தேன். அவன் தலைய குனிஞ்சிக்கினான். அப்பாலிக்கா வெளிய வந்து என் கைய புடிச்சிக்கினு, ‘காதரு, அவங்க செத்துட்டாங்கன்னே இருக்கட்டும்’னான்.” சொல்லி முடித்த பிறகுதான் செம்பில் இருந்த தண்ணீரைக் குடித்தான்.

பயப்படாதே. இது உன்னைத் திட்டுவதற்காக எழுதும் ஓலை இல்லை. முதல் இரண்டு நாளில் எழுதியிருந்தால் திட்டித்தான் எழுதியிருப்பேன். பெண் வீட்டார் ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரர்கள் என்றும் நீயும் அவர்கள் வேதத்தில் சேர்ந்துவிட்டாய் என்றும் காதர் சொன்னான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. மற்றதுதான் சோறு இறங்கவிடாமல் செய்தது. மூன்றாம் நாள், இதே வார்த்தையை நானும் ஒருவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது என்பதுகூடப் பொய். மறந்ததே இல்லை. உன்னிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான். காதர் நாளை மறுநாள் திரும்பவும் கப்பல் ஏறுகிறான். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

நான் கோயில் தெருவில், ஆடுகிற குடும்பத்தில் பிறந்தவள் என்பது உனக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரிந்ததும் அதனால்தான். பத்தொன்பது வயதில், தெப்பத் திருவிழாவுக்கு எங்களை ஏரியில் படகேற்றிக்கொண்டு போன ஒருவரோடு அந்தத் தெருவைவிட்டு வந்துவிட்டேன். என் அம்மா எனக்குத் தலைமுழுகினாள். நான் செத்தது அது முதல் தடவை. உன் தயவில் நடந்தது இரண்டாவது. கோயிலில் அதற்குப் பிறகு ஆட முடியாது. ஆனால் நம் ஊர்க் கோட்டைக்குள் விருந்து நடக்கும்போதெல்லாம் ஒல்லாந்துத் துரைகளுக்கு ஆட்டம் வேண்டியிருந்தது. கோயில் தெருப் பெண்கள் அங்கே காலெடுத்து வைக்கமாட்டார்கள். அதனால் கோட்டையில் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி என்னைத் தேடி வந்தார். “கோயில் தெருப் பொண்ணுன்னுதான் சொல்லியிருக்கேன். படகுக்காரன் பெண்டாட்டின்னு வாயைத் திறந்துடாதே. தலை அம்மன் சிலையாட்டம் வழவழன்னு இருக்கணும். ஒரு முடி பறக்கக் கூடாது” என்றார்.

என் தலைமுடி எப்படிப்பட்டது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதையே நீயும் வாங்கிக்கொண்டு பிறந்தாய். அடங்காத சுருட்டை. தெருவில் இருந்தவரை என் அக்கா பின்னால் உட்கார்ந்து கொண்டை போடுவாள். குப்பத்துப் பெண்களோ முடியை அள்ளி ஒரு முடிச்சாகச் செருகிக்கொண்டு மீன் கூடையைத் தூக்குகிறவர்கள். நான் தனியாக மூன்று முறை கட்டினேன், மூன்று முறையும் சரிந்தது. கோட்டைக்குப் போகும் வழியெல்லாம் ஏரிக்காற்று வேறு. சீப்பை எறிந்துவிட்டு அழுதேன். உன் நைனா அப்போது வாசலில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். “இன்னாமே அழுவற? முடிச்சு போடணும், அவ்ளோதான? நான் போடமாட்டனா?” என்று எழுந்து வந்தார்.

அன்று அவர் இறுக்கிக் கட்டியதில் என் இரண்டு புருவமும் மேலே ஏறிக்கொண்டன. ஆட்டம் முழுக்க முகம் அப்படியே நின்றது. கோபம் காட்ட வேண்டிய இடத்திலும் வெட்கம் காட்ட வேண்டிய இடத்திலும் நான் வியந்துகொண்டே இருந்தேன். மத்தளக்காரர் திரும்பும்போது, “இன்னா தாயி, இன்னிக்கு எல்லாத்துக்கும் ஆச்சரியப்பட்ட?” என்று கேட்டார். உன் நைனா துடுப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

ஆனால் அவர் விடவில்லை. நான்கைந்து மாதத்தில் கை தேறிவிட்டது. முதல் நாளே நான் சீயக்காய் தேய்த்துக் குளித்துவிடுவேன். மறுநாள் காலை செம்பருத்தி இலையைத் தண்ணீரில் கசக்கிப் பிழிந்து, அந்தக் கொழகொழப்பைத் தலை முழுக்கத் தடவுவார். வெறும் எண்ணெய் வெயிலில் வழிந்துவிடும், இது காய்ந்து பிடித்துக்கொள்ளும். தென்னை ஈர்க்கால் நேராக வகிடு எடுப்பார். நெற்றியிலிருந்து மரச்சீப்பால் வழித்து வாரி, பின்கழுத்துக்கு மேலே இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பல்லில் கவ்வியிருக்கும் நூலை எடுத்துக் கட்டுவார். அதற்குப் பிறகு முடியை இரண்டாகப் பிரித்து முறுக்கி, ஒன்றை வலமாகவும் இன்னொன்றை இடமாகவும் சுற்றி, மூங்கில் சிம்பில் தானே சீவிய ஊசிகளைச் செருகுவார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வலை. சாயம் போடுகிறவரிடம் கேட்டு வாங்கிய கறுப்பு நூலில், பொடி இறால்கூட நுழைய முடியாத சின்னக் கண் வைத்து அவரே பின்னியது. அதைப் போட்டு இழுத்து முடிந்துவிட்டால் கடலே காற்றாக வீசினாலும் ஒரு முடி எழும்பாது. அந்த நேரம் முழுக்க ஏட்டிக்குப் போட்டியாக எதையாவது பேசிக்கொண்டிருப்போம். அந்த வீட்டில் நான் சந்தோஷமாக இருந்த நேரம் அதுதான்.

நீ ஒரு நாள் உதடு கிழிந்து வந்தது நினைவிருக்கிறதா? பெண்டாட்டிக்குத் தலை பின்னுகிறவன் மகன் என்று பையன்கள் கேலி செய்தார்கள், நீ அடித்தாய், அவர்களும் அடித்தார்கள். நான் பதறிப்போய், இனிமேல் கதவைச் சாத்திக்கொண்டு கட்டலாம் என்றேன். உன் நைனா உன் உதட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “வலைய பின்றேன், அத்த பாத்து ஒருத்தனும் சிரிக்கல. இத்த பின்னா மட்டும் இன்னா சிரிப்பு? கதவெல்லாம் சாத்த மாட்டேன்.” அவருக்கு எதையும் ஒளித்துப் பழக்கமில்லை. ஒளித்தவள் நான்.

உனக்கு ஏழு வயது. பக்கத்துக் குடிசை முனியம்மாவிடம் உன்னை விட்டுவிட்டு ஒரு விருந்துக்குப் போயிருந்தேன். கோட்டைக்குப் புதிதாக வந்த துரையின் மனைவி அன்று வந்திருந்தாள். வெளுத்து மெலிந்த பெண், என்னைவிடச் சின்னவள், வயிற்றில் பிள்ளை. ஆட்டம் முடிந்ததும் எழுந்து வந்து என்னைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். பின்னால் நின்று கொண்டையின் மேல் இருந்த வலையை ஒரு விரலால் தொட்டாள். துபாஷியிடம் ஏதோ கேட்டாள்.

“இந்தத் தலையைக் கட்டினது யாரு, இந்த வலையைப் பின்னினது யாருன்னு அம்மா கேக்கறாங்க” என்றார் துபாஷி. அவர் கண் என்னை எச்சரித்தது.

எங்களைத் திரும்ப அழைத்துப்போக வந்திருந்த உன் நைனா வாசலில், கையில் துடுப்போடு, காலில் ஏரிச் சேறோடு நின்றிருந்தார். கேள்வி அவர் காதிலும் விழுந்தது. அவர் நிமிர்ந்து நின்றதை நான் பார்த்தேன். முகத்தில் ஒரு சிரிப்பு வரத் தொடங்கியதையும் பார்த்தேன்.

“தலையை நானே கட்டிக்கிட்டேன்” என்றேன். “வலை, வீட்டு வேலைக்காரி பின்னினது.”

அவள் முகம் மலர்ந்தது. அந்த வேலைக்காரியை நாளைக்கே அனுப்ப முடியுமா, தனக்கும் ஒன்று பின்னித் தரச் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். அங்கேயாவது நான் நிறுத்தியிருக்கலாம்.

“அவள் செத்துப்போய்ட்டாள்” என்றேன்.

அந்தப் பெண் என் தோளில் கை வைத்து ஏதோ சொன்னாள். ரொம்ப வருத்தப்படுகிறாள் என்று துபாஷி சொன்னார். நான் வாசலைப் பார்த்தேன். உன் நைனா அந்தப் பக்கமாகத் திரும்பி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும் நேரம் படகேறினோம். நடு ஏரிவரை துடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். பிறகு, “கெட்டியா புடிச்சிக்கோமே. செத்துப்போனவ துடுப்பு போடறா. படகு எப்பிடிப் போவுமோ இன்னாவோ” என்றார். மத்தளக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். மகனே, சொன்ன பொய்யைவிட அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்றுவரை ஆறாமல் இருக்கிறது. பொய்யாவது துபாஷிக்குப் பயந்து சொன்னது என்று வைத்துக்கொள்ளலாம். படகில் எனக்கு யார் பயம்?

அடுத்த ஆட்டத்தன்று காலையில் அவர் எப்போதும்போலச் செம்பருத்தி இலையைக் கசக்கினார். எப்போதும்போல ஈர்க்கால் வகிடெடுத்தார். பேச்சு மட்டும் குறைந்திருந்தது. கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். சொல்லவில்லை. இன்றைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று நான் மன்னிப்புக் கேட்காமலே இரண்டு வருஷம் ஓடியது. உனக்கு இப்போது ஒரு மனைவி இருக்கிறாள். அவளிடம் ஏதாவது தப்பு செய்துவிட்டால், அவள் சண்டைக்கு வரட்டும் என்று காத்திருக்காதே. சிலர் சண்டைக்கு வரவேமாட்டார்கள். நீயாகப் போய்ச் சொல். அன்றைக்கே சொல், இறங்க வேண்டிய கரை வருவதற்குள் சொல்.

பிறகு நடந்தது உனக்கும் தெரியும். பெருமழைக்கு முன் கடைசியாக வந்த கப்பலில் சரக்கு இறக்கப் போன உன் நைனாவின் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. மூன்று பேர் நீந்தி வந்தார்கள். அன்று மாலை எனக்குப் பொன்னேரியில் ஒரு கல்யாண வீட்டில் ஆட்டம். காலையில்தான் அவர் என் தலையைக் கட்டிவிட்டுப் போயிருந்தார். சேதி வந்ததும் பெண்கள் கூடி அழுதுகொண்டே என் கொண்டையை அவிழ்க்க வந்தார்கள். நான் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டேன். முனியம்மாதான் அவர்களைப் பிடித்துத் தள்ளினாள். “உடுங்கடி அத்த. அவன் கட்டினது. அவன் வந்து பாத்துட்டுப் போவட்டும்” என்றாள்.

மூன்றாம் நாள் தெற்கே மணல்மேட்டில் ஒதுங்கினார். அதுவரை அந்தக் கொண்டை ஒரு முடி கலையாமல் இருந்தது. அவர் தலைமாட்டில் உட்கார்ந்து நானே அவிழ்த்தேன். வலையை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினேன். நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “நைனா அத்த வச்சிக்கினு இன்னா பண்ணும்?” என்று கேட்டாய். காதில் சொல்ல வேண்டியதைச் சொல்லத் துணிவில்லாமல் கையில் எதையோ திணித்தேன், அவ்வளவுதான்.

அதோடு ஆட்டத்தை விட்டேன். கருவாடு விற்றேன். உனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன், அந்த எழுத்து உன்னைக் கொழும்புவரை கொண்டுபோயிற்று. நீ கப்பலேறிய அன்று கரையில் வைத்து உன்னிடம் என்ன சொன்னேன் என்று யோசித்துப் பார். “யாரு கேட்டாலும் உங்கம்மா கருவாடு விக்கிறவள்னு சொல்லு. ஆடினவள்னு மட்டும் சொல்லிடாதே” என்றேன். பாதி அம்மாவை மறைக்கச் சொல்லி நான்தான் அனுப்பினேன். நீ முழுசாக மறைத்துவிட்டாய். அதனால்தான் உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

காதர் வந்துபோன நான்காம் நாள், அந்தத் துரைசானியைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அவள் இறந்து பதினேழு வருஷம் ஆகிறது. அந்தப் பிள்ளைப்பேற்றிலேயே போய்விட்டாள். இருந்தாலும் தலைவிரி கோலமாகப் போகக் கூடாது, அவள் பார்த்த மாதிரியே போக வேண்டும் என்று ஒரு பிடிவாதம். தலைக்குக் குளித்தேன். இலை கசக்கிப் பூசினேன். வகிடு எடுக்கும்வரை கை வந்தது. அதற்கு மேல் வலது தோள் எழும்பவில்லை. இடது கையால் பிடித்தால் கட்டுவதற்குக் கை இல்லை, கட்டப் போனால் பிடிப்பதற்குக் கை இல்லை. “கொஞ்சம் அழுத்திப் பிடிங்க” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது தெரியுமா? முனியம்மாவும் போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். கூப்பிட ஒருவரும் இல்லை. முழங்கால்களுக்கு நடுவே தலையைக் கவிழ்த்து, நூலின் ஒரு முனையைப் பல்லில் இழுத்து, எப்படியோ கட்டி முடித்தேன். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வெள்ளைக் கொண்டை, ஒரு பக்கமாகச் சரிந்து. நாற்பது வயதுவரை ஊரே பார்த்த தலை.

ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தில், எலும்புக்கூடு செதுக்கிய அந்த வாசலில், காவல்காரர் மறித்தார்.

“இன்னாம்மா, யாரைப் பாக்கணும்?”

“ஒரு துரைசானியை.”

“இங்க யாரும் எழுந்து வந்து பேசமாட்டாங்களே” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. பிள்ளைப்பேற்றில் இறந்தவள் என்றேன். “தாயும் புள்ளயும் சேத்துப் பொதச்சது ஒண்ணுதான் கீது” என்று அவரே கூட்டிப்போய்க் காட்டிவிட்டு விலகிப் போனார். கல்லில் இருந்த எழுத்து எனக்குப் புரியவில்லை. வெயிலில் கல் சுட்டது. பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து, துபாஷி இல்லாமல், என் பாஷையிலேயே அவளிடம் பேசினேன். “அம்மா, அன்னிக்கு நான் சொன்னது பொய். வேலைக்காரி யாரும் இல்லை. அந்த வலையைப் பின்னினதும் தலையைக் கட்டினதும் என் புருஷன். வாசல்ல துடுப்போட நின்னாரே, அவருதான். அவர் செத்துப்போகல” என்றேன்.

சொல்லி வாயை மூடவில்லை, நெஞ்சில் உறைத்தது. அவர் செத்துத்தானே போய்விட்டார். நான் சொன்ன பொய் இத்தனை நாளில் மெய்யாகிவிட்டது. அதைத் திருத்தப் போனால் இனி அந்தத் திருத்தம்தான் பொய். எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. காவல்காரர் வந்து, “வூட்டுக்குப் போ தாயி, வெயில் ஏறுது” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் எழுத்தாணியை எடுத்தேன். மகனே, நீ சொன்ன பொய்யும் ஒரு நாள் மெய்யாகத்தான் போகிறது. அதற்கு அதிக நாள் இல்லை என்று என் முழங்காலும் தோளும் சொல்கின்றன. அது மெய்யாகிவிட்ட பிறகு நீ நினைத்தாலும் திருத்த முடியாது. உன் மாமனாரிடம் சொல்ல வேண்டாம். கோட்டையில் இருப்பவர்களிடம் சொல்ல வேண்டாம். உனக்குக் கிடைத்த வேலையும் மரியாதையும் உன்னிடமே இருக்கட்டும். என்னை அங்கே அழைத்துப்போகச் சொல்லியும் நான் கேட்கவில்லை. உன் மனைவியிடம் மட்டும் சொல். கருவாடு விற்றவள், அதற்கு முன் ஆடியவள், பழவேற்காட்டில் இன்னும் இருக்கிறாள் என்று ஒரே ஒருத்திக்குத் தெரிந்தால் போதும். அவள் கோபப்படலாம், அழலாம், இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். இருக்கட்டும். அவள் எழுந்து பேசக்கூடிய இடத்தில் இருக்கும்போதே சொல்லிவிடு.

அவளைப் பற்றிக் காதரைத் துருவித் துருவிக் கேட்டேன். மாநிறம் என்றான், உன் தோள் உயரம் என்றான், தனக்குச் சோறு போட்டாள் என்றான். அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்த ஓலைக்குப் பெரிதாகப் பதில் எழுத வேண்டாம். ஒன்றை மட்டும் எழுதி அனுப்பு.

அவள் பெயர் என்ன?